மண்ணில் போகாத சுக்கானி

பூனை மண் பெட்டிக்குள் போகாமல் அதன் ஓரமாக வெளியே மூத்திரம் போகிறது என்று யார் வந்து நின்றாலும், எங்கள் டாக்டர் மேடம் பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "பெட்டி எங்கே?" என்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். மூத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவார்களா? "போ, பெட்டியைக் கொண்டு வா. கழுவாம கொண்டு வா" என்று அனுப்பிவிடுவார். மறுநாள் வருவார்கள், பளபளவென்று கழுவித் துடைத்து, சிலர் புது மண்ணும் நிரப்பி. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான்தான் மறுபடியும் விளக்க வேண்டும்: "அம்மா, அழுக்கைப் பார்க்கத்தான் கேட்டாங்க."

இதை இப்போது எழுதக் காரணம், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். போன வாரம் போன் செய்தாள். "பாக்கியம் அக்கா, இதே கேஸா வருது. எல்லாம் மெயின்லேண்ட்ல இருந்து பிளைட்ல வந்த பூனைங்க. ஆன்லைன்ல ஸ்பிரே வாங்கி அடிச்சுப் பார்த்துட்டு, சரியாகலன்னு தூக்கிட்டு வர்றாங்க. உங்க மேடம் அப்ப என்னதான் செய்வாங்க?" சொல்ல ஆரம்பித்தேன், அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மீதியை உட்கார்ந்து எழுதுவதே மேல் என்று போனை வைத்துவிட்டேன்.

நான் நிக்கோபாரில் கட்சால் தீவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, அங்கே அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். படித்து, கால்நடைப் பயிற்சி முடித்து, போர்ட் பிளேர் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். பயிற்சியில் மாட்டுக்கு ஊசி, கோழிக்குச் சொட்டு மருந்து, ஆட்டுக்குப் பூச்சி மருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பூனையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நான் கற்றதெல்லாம் மேடத்திடம்தான்.

மேடம் மத்திய அந்தமானில் ரங்கத் பக்கத்து வங்காளி. அப்பா நெல் விவசாயி. எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். தமிழை அவர், நான் மேஜைமேல் நாயிடமும் பூனையிடமும் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டார். அதனால் "வா, போ, உக்காரு, பயப்படாத" என்று ஒருமையில் பேசுவதைத் தவிர மரியாதையாகப் பேச அவருக்கு வரவே இல்லை. தமிழ் தெரிந்த பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினாலும் "வா, உக்காரு, பூனையைக் கீழ விடு" தான். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அவர் முறை இதுதான். கதவைச் சாத்துவார். பூனையைத் தரையில் விடச் சொல்வார். பிறகு அதை மறந்துவிட்டவர்போல டீ குடிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். ஓரக்கண் மட்டும் பூனைமேல் இருக்கும். எப்படி நடக்கிறது, நாற்காலியில் தாவுகிறதா, தாவுமுன் யோசிக்கிறதா, பின்னங்காலை இழுக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் தூக்கி, வயிற்றின் அடியில் இரண்டு விரலால் மெதுவாகத் தடவுவார். "முதல்ல வலி. வலி இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் குணத்தைப் பத்திப் பேசணும்" என்பார்.

அது எனக்குச் சும்மா காதில் விழுந்த பாடம் இல்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, திமிர் பிடித்துவிட்டது, அடித்தும் பார்த்தாயிற்று என்றார்கள். மூத்திரம் அடைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக முக்கிக்கொண்டிருந்த பூனை அது. கூடையைத் திறந்தபோது மூச்சு வாங்கியது. மேடம் குழாய் போடுவதற்குள் உயிர் போய்விட்டது. அடித்த அந்த மனிதர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து யாராவது "திமிர்" என்று ஆரம்பித்தால் நான் முதலில் பூனையின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்.

மற்றவை சில்லறைக் கேஸ்கள். ஒரு டீச்சர் பெட்டியைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவினார். அந்த நெடிக்குள் பூனை எப்படிக் கால் வைக்கும்? இன்னொரு வீட்டில் பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. பூனை முன்னங்கால்களை உள்ளே வைத்துக்கொண்டு, தான் உள்ளேதான் இருக்கிறோம் என்று நம்பிப் பின்பக்கத்தால் வெளியே போய்க்கொண்டிருந்தது. பெரிய பெட்டி வைத்ததும் தீர்ந்தது. இப்படித்தான் எல்லாம் தீரும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் செராங் வந்தார்.

செராங் என்றால் கப்பலில் டெக் ஆட்களுக்குத் தலைவர். காதர் செராங் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மனைவி இறந்துவிட்டார். மகன் ரியாஸ் அபர்தீன் பஜாரில் பேக்கரி வைத்திருந்தான். அவன் சுட்ட ரஸ்க் ரங்கத்வரை பஸ்ஸில் போகும். பேக்கரிக்கு மேல்மாடியில் மகன், மருமகள் ஷாகிதாவோடு இருந்தார். கப்பலைவிட்டு இறங்கும்போது அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பூனையும். பூனையின் பெயர் சுக்கானி, கப்பலில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

ஒரு காலை நேரம் அவர் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஷாகிதா. அவர் நேராக மேடத்தின் முன் நின்று, "கப்பல்ல மிருகம் ஏத்த ஹெல்த் சர்டிபிகேட் வேணும் டாக்டரம்மா. நானும் இந்தச் சுக்கானியும் ஊருக்குப் போறோம்" என்றார்.

அவர் தோளுக்குப் பின்னால் ஷாகிதா தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கொடுக்காதீர்கள் என்று வாயசைத்தாள்.

மேடம் இருவரையும் பார்த்தார். "ஏன் போற?" என்றார்.

"இவ பெட்டிக்கு வெளிய போறா. வீடு நஜீஸ் ஆகுது. புள்ள எத்தன தடவதான் கழுவும்? அங்க என் வாப்பா வீடு பூட்டிக் கெடக்கு. மண் தரை. எங்க போனாலும் கேக்க ஆளில்ல."

நஜீஸ் என்றால் தொழுகைக்கு ஆகாத அசுத்தம். அந்த வீட்டில் கூடத்து மூலையில்தான் பெட்டி. அதே கூடத்தில்தான் தொழுகை. தரை சாய்வாக இருந்ததால் பூனையின் மூத்திரம் ஓடி வந்து தொழுகைப் பாயைத் தொட்டுவிடும். அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் தரை சுத்தம். கோடையில் போர்ட் பிளேரில் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாது. டிரம்மில் பிடித்துவைத்த பானியைத்தான் சமையலுக்கும் குளிக்கவும் பங்குபோட வேண்டும். ரியாஸ் ஒருநாள் பொறுமை போய், "ஒண்ணு இந்தப் பூனை, இல்லன்னா தண்ணி" என்று கத்தியிருக்கிறான். செராங் ஒன்றும் பேசாமல் தன் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டியிருக்கிறார்.

அந்த வயதில், இதயத்துக்கு மாத்திரை போடுகிற மனிதர், ஆளில்லாத வீட்டில் போய்ப் பூனையோடு இருப்பாராம். எனக்கே நெஞ்சு பதறியது.

மேடம் பதறவில்லை. "சர்டிபிகேட் சும்மா தர முடியாது. மூத்திரம் டெஸ்ட் பண்ணணும். பெட்டியைக் கொண்டு வா. கழுவாம" என்றார். ஷாகிதா முகத்தில் உயிர் வந்தது. வெளியே போகும்போது என் கையை அழுத்தினாள்.

"அக்கா, மாமா போயிட்டா ஊரு என்னைத்தான் சொல்லும். ஊர் கெடக்கட்டும். நான் கல்யாணம் பண்ணி வந்தப்ப இந்த வீட்டுல மொத மொத 'சாப்பிட்டியா புள்ள'ன்னு கேட்டது அவருதான்" என்றாள்.

பெட்டி வந்தது, வழக்கம்போலக் கழுவி. போதாததற்கு ஷாகிதா ஓரத்தில் அத்தரும் தடவியிருந்தாள். திருப்பி அனுப்பினோம். அடுத்த முறை செராங்கே அதைத் துணியால் மூடி, பஜார் வழியாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்; பின்னால் ஷாகிதா பூனையோடு வந்தாள். மேடம் துணியை விலக்கிக் குனிந்து பார்த்தார், முகர்ந்தார். மண் கொட்டியது கொட்டியபடி இருந்தது. ஒரு கால் தடம் இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. பூனையின் வயிற்றை மெல்ல அமுக்கிப் பிடித்த மூத்திரத்தில் கோளாறில்லை. வயிறு மிருதுவாக இருந்தது. இடுப்பை மடக்கிப் பார்த்தோம்; வயதான பூனைதான், ஆனாலும் அலமாரிமேல் தாவி உட்கார்ந்து எங்களை மேலிருந்து பார்த்தது.

பெரிய பெட்டி வைத்துப் பார்த்தோம். மீன் கிரேட்டை ஓரம் தாழ்வாக வெட்டிக் கொடுத்தேன். மண்ணை மாற்றி மரம் அறுக்கும் மில்லிலிருந்து மரத்தூள் வாங்கிப் போட்டோம். பூனை எதற்கும் அசையவில்லை. பெட்டி எங்கே போனாலும் அதன் பின்னாலேயே போய், அதன் ஓரத்தில் ஒரு சாண் தள்ளித் தரையில் உட்கார்ந்தது. செராங் மறுபடியும் வந்து சர்டிபிகேட் கேட்டார். கப்பல் தேதி போட்டாயிற்று, டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்றார்.

"சலோ பாக்கியம்" என்றார் மேடம். அன்று மாலை இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

கூடத்தில் உட்கார்ந்து, ஷாகிதா கொடுத்த டீயை மேடம் நிதானமாகக் குடித்தார். வழக்கம்போல மழைப் பேச்சு. சுக்கானி ஜன்னலிலிருந்து இறங்கியது. பெட்டியருகே வந்தது. முகர்ந்தது. சுற்றி வந்தது. பிறகு பெட்டிக்கு முதுகைக் காட்டி, வாலை ஒதுக்கி, தரையில் உட்கார்ந்து மூத்திரம் போனது. முடித்ததும் எங்களைப் பார்த்தது. நான் எத்தனையோ பூனைகளைப் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்த பூனை ஓடும். இது ஓடவில்லை. வேலையை ஒழுங்காக முடித்தவர்போல நின்றது.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "இவ தவறல. மண்ணுல ஒரு சொட்டுகூட விழக்கூடாதுன்னு பார்த்துப் போறா. காதர், கப்பல்ல இவ எங்க போவா?"

"டெக்குல. தண்ணி ஓடுற ஓட்டைகிட்ட" என்றார் செராங். குரலில் பெருமை. "தினம் காலைல பைப் அடிச்சுக் கழுவிடுவோம். சுத்தமான புள்ள. வளந்தப்புறம் ஒரு நாள்கூட மண்ணுப் பெட்டியத் தொட்டதில்ல."

"என்ன மண்ணுப் பெட்டி?"

"டெக்குல இருக்குமே, செவப்புப் பெட்டி. எண்ணெய் தீப்புடிச்சா அள்ளிப் போட மண்ணு. குட்டியா இருந்தப்ப அதுலதான் போவா. கட்சால் ஜெட்டில கொப்பரை மூட்டைக்குள்ள ஏறி வந்தவ, மண்ணக் கண்டா விடுவாளா? ஒரு தடவ இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசர் உள்ள கைய விட்டுட்டான்." அவர் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. "அடுத்த துறைல பூனையக் கடல்ல போடுன்னு கேப்டன் சொல்லிட்டாரு. நான் கால்ல விழாத கொறையா டைம் கேட்டேன். அப்புறம் ராப்பகலா காவல். மண்ணுகிட்ட போனா, ஈரக் கயித்தால பக்கத்துல டெக்குமேல ஒரு அடி. 'ஹட்!'னு ஒரு சத்தம். இவ மேல ஒரு அடி பட்டதில்ல டாக்டரம்மா, அல்லா மேல சத்தியமா. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பெட்டிக்கு வெளிய, ஓரமா..."

பேச்சு அங்கே நின்றுவிட்டது.

கீழே பேக்கரியில் ரொட்டி வெட்டும் சத்தம் கேட்டது. செராங் பூனையைப் பார்த்தார், தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தார். மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்து, அதன் தலையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். "நான் சொன்னதையா இன்னும் செஞ்சுக்கிட்டிருக்க?" என்றார். அவர் தோள் குலுங்கியது. உயிரைக் காப்பாற்றின அதே பாடம்தான் இப்போது அந்த ஜீவனை வீட்டைவிட்டுத் துரத்துகிறது என்று அவருக்கும் புரிந்தது, எங்களுக்கும் புரிந்தது. ஷாகிதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நானும்தான்.

பிறகு அவர் எழுந்து விறைப்பாக நின்று, கப்பல் இந்தியில், "சுக்கானி! ஹுகும் வாபஸ்!" என்று உரக்கச் சொன்னார். கட்டளை வாபஸாம். பூனை கொட்டாவி விட்டது. அழுதுகொண்டிருந்த ஷாகிதா சிரித்துவிட்டாள்.

மேடம் வழி சொன்னார். இந்த வயதில் மண்ணைப் பழக்குவது வீண். அதற்குத் தெரிந்தது இரும்பு டெக். பேக்கரியில் பன் சுடும் பழைய இரும்புத் தட்டு ஒன்றை எடுத்து, இந்த மூத்திரத்தைத் துணியில் தொட்டு அதன்மேல் தடவி வைக்க வேண்டும். தட்டு காலியாகவே இருக்க வேண்டும். "பன் தட்டா?" என்று ஷாகிதா அலறினாள். ஓரம் துருப்பிடித்து ஒதுக்கிய தட்டு ஒன்று இருப்பதாக ரியாஸ் கீழிருந்து குரல் கொடுத்தான். நாங்கள் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

கப்பல் நாள் காலையில் ஷாகிதாவின் போன். "அக்கா, அது நேத்து காலைல இருந்து போகவே இல்ல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. கத்துது. மாமா கெளம்பிட்டாரு. 'கப்பல் டெக்குல விட்டாதான் போவா, இல்லன்னா செத்துருவா, சர்டிபிகேட் இல்லாட்டியும் கப்பல்ல இருக்கற என் பசங்க ஏத்திக்குவாங்க'ங்கறாரு. ஆட்டோ வந்துருச்சு."

மேடம் ஒரு பசுவின் பிரசவத்தில் முழங்கைவரை கை விட்டு நின்றிருந்தார். போனை அவர் காதில் வைத்தேன். "மண்ணுப் பெட்டி எங்க?" என்று கேட்டார்.

"அதான் வேணாம்னு இவரு முந்தாநாளு தூக்கிப் போட்டுட்டாரு மேடம்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "அதுக்குப் பக்கத்துலதானே அவ போகணும்? அதை எடுத்துட்டா அவளுக்கு இடம் எப்படித் தெரியும்? பெட்டியைத் திரும்ப வை, மண்ணோட. அதை ஒட்டி, அவ உக்கார்ற எடத்துல தட்டு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஓடு. மதியம்வரைக்கும் பாரு. போகலன்னா இங்க தூக்கிட்டு வா, நான் குழாய் போடறேன். கப்பல்ல ஏத்த விடாத" என்றார்.

ஆஸ்பத்திரித் தோட்டத்து மண்ணை வாளியில் அள்ளிக்கொண்டு ஓடினேன். வாசலில் ஆட்டோ நின்றது. மேலே செராங் நீல நிறப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டியைக் கட்டி, மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்தார். ரியாஸ் சுவரோரம் நின்றான். அவன் அழுதிருந்தது தெரிந்தது. "வாப்பா, ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றான். "நேரமாச்சு" என்றார் அவர். ஆனாலும் எழவில்லை.

ரியாஸ் தூக்கிப்போட்ட பெட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. எடுத்துவந்து பழைய மூலையில் வைத்து, மண் கொட்டினேன். ஓரத்தில் ஒட்டினாற்போல இரும்புத் தட்டு. செராங் பூனையைக் கீழே விட்டார்.

அது வயிறு தரையில் படத் தள்ளாடி வந்தது. மண்ணை முகர்ந்தது. ஒரு காலைத் தூக்கி மண்மேல் வைக்கப்போய், சட்டென்று இழுத்துக்கொண்டது. செராங் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பெட்டியைச் சுற்றி வந்தது. தட்டை முகர்ந்தது. ஏறியது, இறங்கியது. கீழே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். யாரும் அசையவில்லை. மறுபடியும் ஏறி, மண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

காலி இரும்புத் தட்டில் அது விழுந்த சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. நின்றபாடில்லை. மழைக்காலத்தில் தகரக் கூரைமேல் விழுகிறதுபோலச் சடசடவென்று நீண்டுகொண்டே போனது. ஒரு பூனையின் மூத்திரச் சத்தத்தை நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டோம். ரியாஸ் மெதுவாகப் படியிறங்கினான். ஆட்டோ திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

செராங் குனிந்து தட்டை எடுக்கப் போனார். ஷாகிதா முந்திக்கொண்டு தட்டைத் தூக்கினாள்.

"நான் கழுவுறேன் மாமா," என்றாள். "நீங்க போய் சட்டைய மாத்துங்க."